கோட்டை மேலிருந்து கடல் ஏன் அத்தனை தூரம் தெரிகிறது?

கரீபியக் கடலின் செயின்ட் கிட்ஸ் தீவில், ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் நிற்கிறது பிரிம்ஸ்டோன் குன்றுக் கோட்டை. அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள், அந்தச் செங்குத்துச் சரிவில் கல் சுமந்து ஆங்கிலேயருக்காகக் கட்டியது. அவர்களின் உழைப்பை நினைக்காமல் அங்கே நிற்க முடியாது.

கரையில் நிற்பவருக்குத் தொடுவானம் 5 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. கோட்டை உச்சியிலோ 55 கிலோமீட்டர்! ஏன்?

பூமி உருண்டை. நம் பார்வைக் கோடு அதன் வளைவைத் தொட்டுச் செல்லும் இடமே தொடுவானம். கண்மட்டம் உயர உயர அந்த இடம் விலகிப்போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஆகவே இருமடங்கு தூரம் பார்க்க நான்கு மடங்கு உயரம் ஏறியாக வேண்டும். காற்று ஒளியைச் சற்றே வளைப்பதால், கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

கப்பலுக்கும் உயரம் உண்டே. வானம் தெளிந்திருந்தால், 30 மீட்டர் பாய்மரத்தின் உச்சி தொடுவானத்துக்கு அப்பால் இன்னும் 19 கிலோமீட்டர் தள்ளியிருக்கும்போதே தொலைநோக்கியில் தலைகாட்டும். கப்பலின் உடல் பிறகுதான் தெரியும். காற்றை நம்பி வந்த கப்பல்கள் நெருங்கப் பல மணி நேரமாகும். பீரங்கிகளுக்கு மருந்து நிரப்ப அது போதும்.

ஆனாலும் 1782-இல் பிரெஞ்சுப் படை தரையிறங்கி, ஏறத்தாழ ஒரு மாதம் முற்றுகையிட்டு, இக்கோட்டையைப் பிடித்தது.