நியூட்டன் மறைத்ததும் டான் பிரவுன் சொன்னதும்

லண்டனிலிருந்து பேசுவதால், டான் பிரவுனின் ‘தி டா வின்சி கோட்’ (2003) நாவலில் இந்த நகரத்தில் நடக்கும் பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயேசுவுக்கு ஒரு வம்சம் உண்டு. அந்த உண்மையைக் காப்பாற்ற ‘பிரியரி ஆஃப் சியோன்’ என்ற இரகசியச் சங்கம் இருக்கிறது. விஞ்ஞானி ஐசக் நியூட்டன் அதன் தலைவர்களில் ஒருவர். இதுதான் கதையின் அடித்தளம். ஒரு புதிரைத் துரத்திக்கொண்டு கதாபாத்திரங்கள் முதலில் டெம்பிள் தேவாலயத்துக்கும், பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ள நியூட்டனின் கல்லறைக்கும் வருகிறார்கள்.

இந்த இடங்கள் உண்மையானவை. டெம்பிள் தேவாலயம் 1185இல் அர்ப்பணிக்கப்பட்டது. படுத்த நிலையிலுள்ள வீரர்களின் கற்சிலைகளை இன்றும் அங்கே பார்க்கலாம். கண்ணால் பார்க்கக்கூடியவை சரியாக இருப்பதால், பார்க்க முடியாத சங்கத்தையும் நம்பிவிடுகிறோம். நாவலின் முதல் பக்கமே அது 1099இல் தோன்றிய உண்மையான அமைப்பு என்கிறது. ஆனால் அதைப் பியர் பிளாந்தார் என்பவரும் நண்பர்களும் பிரான்சில் பதிவு செய்தது 1956இல். நியூட்டன் பெயர் இடம்பெற்ற தலைவர் பட்டியல், 1960களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் சேர்க்கப்பட்ட போலி ஆவணம்.

இந்தக் கதையை 1982இலேயே வரலாறாக எழுதிய மூவரில் இருவர், தங்கள் நூலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று 2006இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றார்கள். அவர்களுடைய நிலைமை சங்கடமானது. நடந்த வரலாறு என்றால் அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சொந்தக் கற்பனை என்றால் வரலாறு என்று விற்றிருக்கக் கூடாது.

என் ஆதங்கம் வேறு. நியூட்டனிடம் உண்மையாகவே ஒரு இரகசியம் இருந்தது. கேம்பிரிட்ஜில் திரித்துவத்தின் பெயரைத் தாங்கிய டிரினிட்டி கல்லூரியில் இருந்துகொண்டே, அவர் திரித்துவக் கோட்பாட்டை ஏற்கவில்லை. குருத்துவப் பட்டம் பெறாமலேயே கல்லூரியின் ஃபெலோவாகத் தொடர 1675இல் அரச விலக்குக் கிடைத்தது. வெளியே தெரிந்திருந்தால் பதவி போயிருக்கும். நெருங்கிய சிலரைத் தவிர யாரிடமும் பேசாமல், வேதாகமத்தைப் பற்றியும் இரசவாதத்தைப் பற்றியும் கட்டுக் கட்டாக எழுதி வைத்தார். அந்தக் காகிதங்கள் 1936இல்தான் லண்டன் சதபீஸில் ஏலத்துக்கு வந்தன. இரசவாதக் குறிப்புகளில் பலவற்றைப் பொருளியலாளர் கெயின்ஸ் வாங்கிச் சேர்த்தார். சமயக் குறிப்புகளில் பெரும்பகுதி இன்று எருசலேமில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. இணையத்திலும் படிக்கலாம்.

நாவலின் நியூட்டன், மதத்துக்கு எதிராக விஞ்ஞானத்தின் பக்கம் நிற்கும் சங்கத் தலைவர். காகிதங்களில் தெரியும் நியூட்டனோ ஆழ்ந்த இறை நம்பிக்கையாளர். அந்த நம்பிக்கையால்தான் திருச்சபையோடு முரண்பட்டவர். நாவலை நானும் ஒரே மூச்சில் படித்தேன், நீங்களும் படியுங்கள். முடித்ததும் அந்தக் கையெழுத்துப் பிரதிகளில் ஒரு பக்கத்தையாவது திறந்து பாருங்கள். அடித்தும் திருத்தியும் எழுதிய ஒரு மனிதரின் பயமும் பிடிவாதமும் அங்கே இருக்கின்றன.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.