குப்பைமேனியும் பூனையின் ஈரலும்

மழை விட்டதும் தோட்டத்து லயங்களின் பின்பக்கக் கால்வாயோரம் குப்பைமேனி தானாக முளைத்துக் கிடக்கும். அதை வேரோடு பிடுங்கி வாசலில் போட்டால், அக்கம்பக்கத்துப் பூனைகளில் ஒன்றாவது தேடி வரும். இலையைச் சட்டை செய்யாது. வேரைக் கடித்து, கன்னத்தை அதில் தேய்த்து, மண்ணில் புரளும். பூனைவணங்கி என்றும் இந்தச் செடிக்குப் பெயருண்டு. கம்பத்து மலாய்க்காரர்களுக்கு இது ‘கூச்சிங் காலாக்’. பீடோங்கிலும் பாடாங் செராயிலும் பால் வெட்டிய தலைமுறைக்கு இதிலொன்றும் அதிசயமில்லை.

ஆய்வாளர்கள் இந்த வேரைக் கையிலெடுத்ததற்குக் காரணம் பூனைப் பாசம் கிடையாது. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்மஸ் தீவில் காட்டுக்குள் பெருகிவிட்ட பூனைகள், அங்குள்ள பறவைகளையும் பல்லிகளையும் தின்று தீர்க்கின்றன. அவற்றைப் பொறிக்கு இழுக்க ஒரு வாசனை தேவைப்பட்டது. அந்தத் தீவிலும் குப்பைமேனி உண்டு. 2016இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதன் வேரிலிருந்து ஐசோடைஹைட்ரோநெப்பெடாலாக்டோன் உட்பட இரண்டு பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டும் இரிடாய்டு என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை.

பூனை ஏன் இப்படிப் புரள வேண்டும்? ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகக் குழு 2021இல் ஒரு விடை சொன்னது. அங்கே பூனைகளை மயக்குவது மடடாபி என்ற கொடி. அதன் இலையில் இருப்பதும் ஓர் இரிடாய்டுதான். அதைத் தலையிலும் முகத்திலும் தேய்த்துக்கொண்ட பூனைகள் மேல் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுக்கள் குறைவாகவே உட்கார்ந்தன. சோதித்தது மடடாபியை, குப்பைமேனியை அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கொசுவை ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மரத்தில் கட்டிய பால் மங்கில் மழைத்தண்ணீர் தேங்கினால் அதில் வளர்வது அதுதான்.

இனி மருத்துவத்துக்கு வருவோம். தோட்டத்தில் ஆளுக்குக் காய்ச்சல் என்றால் டிரெஸ்ஸர் இருந்தார். கறவை மாட்டுக்கு மாட்டு டாக்டரைத் தேடிப் போவார்கள். பூனைக்கு வீட்டில் இருந்ததுதான் மருந்து. உலகமே அப்படித்தான் இருந்தது. முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கியதற்கே மாட்டுக் கொள்ளைநோய் ஒரு பெரிய காரணம். பூனை நோய்களுக்கென்று இங்கிலாந்தில் ஓர் அமைப்பு உருவாகும்போது ஆண்டு 1958 ஆகிவிட்டது.

அதனால் ஆட்டுக்கும் ஆளுக்கும் போட்டதையே பூனைக்கும் போட்டார்கள். சில பலித்தன. காதுக்குள் கறுப்பாகத் தூள் சேர்ந்து பூனை தலையை உதறினால், வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் சில சொட்டு விடுவது சரியான யோசனையே. அந்தத் தூளுக்குக் காரணமான உண்ணிகள் எண்ணெயில் மூச்சுத் திணறிச் சாகும். ஆனால் சொறிக்கு மண்ணெண்ணெய் பூசியதும், புழு வைத்த புண்ணில் பினாயில் ஊற்றியதும் வேறு கதை. ஆடு பிழைத்துக்கொள்ளும். பூனையோ உடம்பில் பட்டதையெல்லாம் நக்கும்.

நக்கினால் என்ன? இங்கேதான் ஈரல் வருகிறது. நம் ஈரல் பினாயிலில் இருப்பது போன்ற பினால் வகைப் பொருள்களைக் குளுக்குரானிக் அமிலத்தோடு பிணைத்து, நீரில் கரைய வைத்து, சிறுநீரில் தள்ளிவிடும். அதற்கு முக்கியமான யுஜிடி1ஏ6 என்ற நொதியின் மரபணு பூனையிடம் சிதைந்து கிடக்கிறது. சிங்கம், சிறுத்தை எல்லாவற்றுக்கும் இதே குறைதான். 2011இல் வெளியான ஓர் ஆய்வு பழுப்புக் கழுதைப்புலியிலும் வடக்கு யானைச் சீலிலும் இதைக் கண்டது. எல்லாம் பெரும்பாலும் இறைச்சியே தின்னும் இனங்கள். இலைதழையைத் தின்றால்தானே அதிலுள்ள நஞ்சை முறிக்க ஈரல் தயாராக இருக்க வேண்டும்? பயன்படாத கருவி தலைமுறை தலைமுறையாகத் துருப்பிடித்துப் போனது.

இதன் விலை பாரசிட்டமால் மாத்திரையான பெனடாலின் பெட்டியில் தெரியும். நாலு கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைக் குடிக்கப் போதும். பாரசிட்டமால் கழிவு சிவப்பணுக்களைத் தாக்க, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க மாட்டாமல் போகும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். அசிட்டைல்சிஸ்டைன் என்ற முறிமருந்து உண்டு, நேரத்தோடு கொண்டுபோனால். பிள்ளைக்குக் கொடுப்பதைத்தானே கொடுத்தோம் என்று கலங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சோற்றிலும் இதே சங்கதி. இறைச்சியில் தாராளமாகக் கிடைக்கும் டாரினைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரிக்காது. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்துவிடும் என்று 1987இல் கலிபோர்னியாவில் பால் பியோன் குழு காட்டியது. தயிர்சோறு போட்ட லயத்துப் பூனைகள் எப்படித் தப்பின என்று கேட்கலாம். எலி இருந்தது. எலியில் டாரின் ஏராளம்.

பழைய மருந்துகளில் கந்தகம் இன்றைய கிளினிக்கிலும் இடம் பிடித்திருக்கிறது. சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சிய கந்தகக் கரைசலைப் பூனையின் படர்தாமரைக்கும் சொறிக்கும் மருத்துவர்கள் இப்போதும் பயன்படுத்துகிறார்கள். அழுகிய முட்டை நாற்றம், வெள்ளைப் பூனை மஞ்சளாகிவிடும். ஒரு வேறுபாடு: கரைசல் காயும்வரை நக்க முடியாதபடி கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டிவிடுகிறார்கள்.