பெற்றோர் இருந்தும் 'அநாதை'களான 33 பிள்ளைகள்: ஹைட்டி சொல்லும் பாடம் என்ன?

2010 ஜனவரி 29. டொமினிக்கன் குடியரசை ஒட்டிய ஹைட்டி எல்லையில் ஒரு பேருந்து நிறுத்தப்பட்டது. உள்ளே 33 குழந்தைகள். கடைக்குட்டிக்கு இரண்டு மாதம், மூத்த பிள்ளைக்கு 12 வயது. உடன் வந்த 10 பேரும் அமெரிக்கர்கள். பெரும்பாலோர் ஐடாஹோ மாநில பாப்டிஸ்ட் சபையினர்.

ஹைட்டியைப் பூகம்பம் உலுக்கி 17 நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைகளை அண்டை நாட்டில் அநாதை இல்லம் அமைத்து வளர்க்கப் போவதாக அவர்கள் சொன்னார்கள். ஆனால், நாட்டைவிட்டு அழைத்துச் செல்வதற்கான அனுமதி அவர்களிடம் இல்லை. பத்துப் பேரும் கைதானார்கள்.

அந்தப் பிள்ளைகள் யார்?

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பின்னர் ஊர் ஊராக விசாரித்தது. 33 பேருக்குமே தாய், தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருந்தது தெரியவந்தது.

பெத்தவங்களே ஏன் கொடுத்தாங்க?

வறுமைதான் காரணம். பிள்ளைக்குச் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பித்தான் பலர் ஒப்படைத்தார்கள். தத்துக் கொடுப்பதாக அவர்கள் நினைக்கவில்லை.

சில மாதங்களில் பத்துப் பேரும் விடுதலையானார்கள். குழுவின் தலைவி மட்டும் சட்டவிரோதப் பயணத்துக்கு ஏற்பாடு செய்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். சிறையில் இருந்த காலமே தண்டனையாகக் கணக்கிடப்பட்டது.

இது ஒரேயொரு சம்பவமா?

இல்லை. ஹைட்டி இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் சுமார் 80% பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருப்பதாகக் குழந்தைகள் நல அமைப்புகள் மதிப்பிடுகின்றன. கம்போடியாவிலும் இதே கதைதான்.

நல்லதுதானே செய்றாங்க, இதுல என்ன தப்பு?

வெளிநாட்டுச் சபைகளின் குழுக்கள் ஒரு வாரம், இரண்டு வாரம் என மிஷன் பயணம் வருகின்றன. சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள், பாட்டு சொல்லித் தருகிறார்கள், குழந்தைகளைக் கொஞ்சுகிறார்கள். ஊர் திரும்பியதும் நன்கொடை அனுப்புகிறார்கள். அவர்களின் அன்பு பொய்யில்லை. ஆனால் பணம் வீட்டுக்குப் போகாமல் இல்லத்துக்கே போகிறது. இல்லம் நிறைந்திருந்தால்தான் நன்கொடை வரும் என்ற நிலையில், பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் தரகர்கள் முளைக்கிறார்கள்.

இன்னொரு வலியும் உண்டு. ஒட்டிக்கொண்ட 'அக்கா'வும் 'அண்ணா'வும் பத்தே நாளில் விமானம் ஏறிவிடுவார்கள். அடுத்த மாதம் புது முகங்கள். ஒவ்வொரு முறையும் பிரிவைத் தாங்க வேண்டியது குழந்தைதான்.

என்ன மாறியிருக்கிறது?

2018-இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தன ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் நவீன அடிமைத்தனமாக அங்கீகரித்தது. பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வறுமை மட்டுமே காரணமாகக் கூடாது என்பதை ஐநா பொதுச்சபை 2019 தீர்மானத்தில் வலியுறுத்தியது. கிறிஸ்தவ அமைப்புகளிலும் சில, இல்லங்களுக்குத் தரும் உதவியைக் குடும்பங்களின் பக்கம் திருப்பத் தொடங்கியுள்ளன.

அப்போ, உதவவே கூடாதா?

உதவலாம், கட்டாயம் உதவலாம். பள்ளிக் கட்டணம், அம்மாவுக்கு ஒரு வேலை, உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மாதாந்திர உதவித்தொகை என வழிகள் பல. உண்மையிலேயே யாரும் இல்லாத பிள்ளைக்கு வளர்ப்புக் குடும்பம் தேடலாம். பணம் அனுப்பும் முன் இல்லத்திடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப நீங்கள் என்ன முயற்சி எடுத்தீர்கள்?