போதை மீட்சியில் மருந்தும் உளவளத்துணையும்

1848ஆம் ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் அத்துறை நூல்களைத் தமிழாக்கியும் தொண்டாற்றினார். நோயும் மருந்தும் நோயாளியின் மொழியில் விளங்கவேண்டும் என்பதே அம்முயற்சியின் அடிப்படை எனலாம். ஹெரோயினுக்கு அடிமையானோர்க்கான சிகிச்சையிலும் இவ்வடிப்படை இன்று வேண்டப்படுகின்றது.

இலங்கையில் ஹெரோயின் 1980களின் தொடக்கத்திற் பரவலாயிற்று. 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பெற்றது. எனினும், அடிமையானவனைக் குற்றவாளியாக மட்டும் காணும் மனப்பாங்கு நம் சமூகத்தில் இன்னும் நீங்கவில்லை. இம்மனப்பாங்கே, மருந்துவழிச் சிகிச்சையைக் கேள்வியுறும் குடும்பத்தினரை, “ஒரு போதைக்கு இன்னொரு போதையா?” என வினவச் செய்கின்றது.

இவ்வினாவுக்கு விடை மருந்தின் தொழிற்பாட்டிலேயே உண்டு. ஹெரோயினின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் உடல்நோவு, வயிற்றோட்டம், உறக்கமின்மை ஆகியன வருத்தும். மெதடோன் மெதுவாகத் தொழிற்பட்டு ஒரு நாள் முழுவதும் நிலைப்பது. பியூப்பிரநோபின் நாவின் கீழ் வைக்கப்படுவது. ஓரளவுக்கு மேல் அதன் வலிமை பெருகுவதில்லை. தக்க அளவிற் பெறுபவர் மயக்கமுறாது தொழில் செய்யவும் குடும்பம் பேணவும் இயலும். 1965இல் நியூயோர்க்கில் டோல், நைஸ்வாண்டர் ஆகியோர் மெதடோன் சிகிச்சை பற்றிய தமது ஆய்வை வெளியிட்டனர். 2005இல் இவ்விரு மருந்துகளும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

இனி, உளவளத்துணையாளரின் பணி யாது? முதலாவது, அச்சமின்றி உண்மை பேசும் சூழலைத் துணைநாடிக்கு அளித்தல். மீண்டும் ஹெரோயினை நாடியதை அவர் மறைக்க நேர்ந்தால் மருந்தின் அளவும் பிழைத்துப்போகும். இரண்டாவது, மதுவுடனோ தூக்க மாத்திரையுடனோ இம்மருந்து கலந்தால் மூச்சு அடங்கக்கூடும் என எச்சரித்தல். மூன்றாவது, “மாத்திரையை எப்போது நிறுத்துவது?” என அவசரப்படும் பெற்றோர்க்கு ஆபத்தை விளக்குதல். சிகிச்சை இடையில் நின்றதும் உடலின் தாங்குதிறன் குன்றும். அந்நிலையிற் பழைய அளவு ஹெரோயினே உயிரைப் பறிக்கும். சிறையிலிருந்து மீள்வோர்க்கும் இவ்வாபத்து உண்டென்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

உளவளத்துணையை ஏற்க மறுப்பவருக்கு மருந்தை மறுத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டலின் நிலைப்பாடு. உரையாடல் கட்டளையாதல் கூடாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

மருந்து உடலை அமைதிப்படுத்தும். வேலையின்மை, வறுமை, போர் விட்டுச்சென்ற மனவடுக்கள் என்பவற்றை அது தீர்க்காது. அவற்றைத் தீர்க்கும் பொறுப்பு சமூகத்தினுடையது. அப்பொறுப்பைத் தனிமனிதனின் ஒழுக்கக்கேடு எனக் கூறித் தட்டிக்கழித்தல் தகாது என்பதே எமது துணிபு.