சுமை இறக்க ஒரு கல்!

சாலை ஓரத்தில் இரண்டு கல் தூண்கள். அவற்றின் மேல் படுக்க வைத்த ஒரு நீளக் கல். அவ்வளவுதான். கூரை இல்லை. சிலை இல்லை. விளக்கு மாடமும் இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய சாலைகளில், சில இடங்களில் இதை இன்றும் பார்க்கலாம். பஸ்சில் போகிறவர்கள் கண்ணில் இது படுவது இல்லை. பட்டாலும், "ஏதோ பழைய கல்" என்று எண்ணிக் கொள்வார்கள்.

அந்தக் கல்லுக்குச் "சுமைதாங்கி" என்று பெயர்.

1962-ம் ஆண்டில் டைரக்டர் ஸ்ரீதர் ஒரு படம் எடுத்தார். ஜெமினி கணேசன் கதாநாயகன். குடும்பத்தின் பாரத்தை எல்லாம் தானே தாங்கிக் கொள்ளும் ஒருவனின் கதை. படத்துக்குச் "சுமைதாங்கி" என்றே பெயர் வைத்தார். யாரும் பொருள் கேட்கவில்லை. அந்தக் கல்லைத் தமிழ்நாட்டு ஜனங்கள் அப்படி அறிந்து வைத்திருந்தார்கள்.

மலையாள நாட்டில் இதற்கு "அத்தாணி" என்று பெயர். கொச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் "அத்தாணி" என்று ஓர் ஊரே இருக்கிறது.

தலைச் சுமை

பஸ்சும் லாரியும் வராத காலம். வண்டி மாடு வைத்திருப்பவர்கள் வசதி படைத்தவர்கள். மற்றவர்களுக்குத் தலைதான் வண்டி!

குளச்சல், முட்டம், மணக்குடி கடற்கரைகளில் இருந்து பெண்கள் மீன் கூடையைத் தலையில் ஏற்றிக் கொண்டு உள்ளூருக்கு நடப்பார்கள். மீன் கெடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். எனவே, நடை அல்ல, ஓட்டம். குளச்சலில் இருந்து நாகர்கோவிலுக்கு 20 கிலோ மீட்டர் தூரம்.

பனையேறும் குடும்பத்துப் பெண்கள் அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வார்கள். அதைப் பனையோலைக் கடவத்தில் அடுக்கிச் சந்தைக்குக் கொண்டு போவார்கள். தோவாளையில் இருந்து பூ வரும். வயல்காட்டில் இருந்து நெல் வரும். எல்லாம் தலைச் சுமைதான்.

தலையில் சும்மாடு. சும்மாட்டின் மேல் கூடை. கழுத்து ஆடக் கூடாது. முதுகு வளையக் கூடாது. வெயில் கொளுத்தும். கால் சுடும். எங்கேயாவது ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்று உடம்பு கெஞ்சும்.

ஆனால், நிற்பது அவ்வளவு எளிதா?

இன்னொரு கை எங்கே?

பெரிய சுமையைத் தலையில் வைத்திருப்பவர் அதைத் தனியாக இறக்க முடியாது. குனிந்தால் கூடை கவிழ்ந்து விடும். எப்படியோ இறக்கி விட்டாலும், மறுபடியும் தனியாகத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. இறக்கவும் இன்னொரு கை வேண்டும். ஏற்றவும் இன்னொரு கை வேண்டும்.

"மக்களே, ஒரு கை பிடிச்சு விடு" என்று வழியில் போகிறவரைக் கூப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கூப்பிட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஆளே இல்லாத சாலையில் யாரைக் கூப்பிடுவது?

அங்கேதான் சுமைதாங்கி நிற்கிறது. கல்லின் உயரம் ஏறக்குறைய ஓர் ஆளின் தோள் மட்டம். சுமையோடு வருகிறவர் கல்லை ஒட்டி நின்று, தலையைச் சாய்த்து, கூடையை அப்படியே கல்லின் மேல் நகர்த்தி விடலாம். குனிய வேண்டாம். களைப்பு ஆறியதும் சும்மாட்டைச் சரி செய்து கொண்டு, கூடையை மறுபடியும் தலைக்கு இழுத்துக் கொள்ளலாம். துணைக்கு ஆள் வேண்டாம்.

அந்த இன்னொரு கையின் வேலையைக் கல்லே செய்து விடுகிறது!

யார் நட்ட கல்?

இந்தக் கற்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு.

கர்ப்பிணியாக இருக்கும்போதோ, பிரசவ வேதனையிலோ ஒரு பெண் இறந்து போவாள். வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே அவள் போய் விட்டாளே என்று வீட்டார் கலங்குவார்கள். அவள் பெயரில் சாலை ஓரத்தில் ஒரு சுமைதாங்கி நடுவார்கள். வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை அதில் இறக்கி வைத்து, "அப்பாடா!" என்று மூச்சு விடும்போது, அவளுடைய ஆன்மாவும் பாரம் இறங்கி ஆறுதல் அடையும் என்பது நம்பிக்கை. சில கற்களில் இறந்தவர் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும்.

அந்த நம்பிக்கை சரியா, தவறா என்பது வேறு பேச்சு. அந்தக் குடும்பம் செய்த காரியத்தைப் பாருங்கள். மனைவியை இழந்த ஒருவன், மகளை இழந்த ஒரு தாய். அவர்கள் துக்கத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கழுத்து வலிக்கு மருந்தாக அதைச் சாலையில் கொண்டு வந்து வைத்தார்கள்.

முப்பத்திரண்டு தருமம்

தருமம் என்றால் பெரிய காரியம் என்று நாம் நினைக்கிறோம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் அங்குள்ள ஊட்டுப்புரையைப் பார்த்திருப்பார்கள். ஆயிரம் பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கூடிய கூடம் என்று சொல்வார்கள். அது ராஜா செய்கிற தருமம்.

நம் முன்னோர் 32 தருமங்கள் என்று ஒரு பட்டியல் வகுத்து வைத்தார்கள். அதில் மடம் கட்டுவதும் குளம் வெட்டுவதும் உண்டு. ஆனால், வேறு சிலவும் இருக்கின்றன. வெற்றிலை போடுகிறவருக்குச் சுண்ணாம்பு கொடுப்பது ஒரு தருமம். தலைக்கு எண்ணெய் கொடுப்பது ஒரு தருமம். முகம் பார்க்கக் கண்ணாடி கொடுப்பது ஒரு தருமம். மாடு உடம்பைத் தேய்த்துக் கொள்ளக் கல் நடுவதும் ஒரு தருமம்!

தண்ணீர்ப் பந்தலும் அந்தப் பட்டியலில் உண்டு. திங்களூரில் வாழ்ந்த அப்பூதி அடிகள், தாம் கண்ணால் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. யார் பெயராலோ, யாருக்கோ உதவி. சுமைதாங்கியும் அந்த வகைதான்.

சாலை எல்லாருக்கும் திறந்ததா?

பழைய காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லி விட முடியாது.

நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1-ந்தேதி வரை முதலில் திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் சேர்ந்தே இருந்தது. அங்கே கிணற்றிலும் சாதி பார்த்தார்கள். சில தெருக்களில் சில சாதியார் நடக்கவே கூடாது என்று தடுத்தார்கள். தெருவே அடைபட்டவருக்குச் சுமைதாங்கி இருந்து என்ன பயன்? சுசீந்திரத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ந்தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. தெருவைத் திறக்க இவ்வளவு போராட வேண்டி இருந்தது.

தடுத்தது மனிதர்தான். மீன் கூடையா, பூக்கூடையா என்று கல் ஒரு நாளும் கேட்டது இல்லை.

குளச்சலில் நடந்தது

2021 டிசம்பர் மாதம். குளச்சல் பஸ் நிலையம். மீன் விற்று விட்டு வீடு திரும்ப ஒரு மூதாட்டி அரசு பஸ்சில் ஏறினார். "வாடை அடிக்கிறது" என்று சொல்லி அவரை இறக்கி விட்டார்கள். அவர் பஸ் நிலையத்தில் நின்று, "இது நியாயமா?" என்று குமுறிய காட்சியை நாடே பார்த்தது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் வருத்தம் தெரிவித்தார். பஸ் ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

எந்தப் பெண்களின் தலைச் சுமைக்காக அந்தக் காலத்தில் சாலை ஓரத்தில் கல் நட்டார்களோ, அந்தப் பெண்களில் ஒருவர்தான் அந்த மூதாட்டி. சாலை தார் ரோடாகி விட்டது. பஸ் வந்து விட்டது. அந்த ஆண்டு முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. எல்லாம் இருந்தும், ஒரு கை நீளவில்லை. ஒரு வாய் தடுத்துப் பேசவில்லை.

தண்டனை கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. "பாட்டி, நீங்க உட்காருங்க" என்று சொல்வது பக்கத்தில் இருப்பவரின் வேலை.

கல் குறைந்தது நல்லதுதான்

இப்போது யாரும் சுமைதாங்கி நடுவது இல்லை. சாலையை அகலப்படுத்தும்போது பல கற்கள் போய் விட்டன. கல்வெட்டு உள்ள கல் உங்கள் ஊரில் மிச்சம் இருந்தால், அதைப் பெயர்த்து எறிய விடாதீர்கள். அது ஒரு பெண்ணின் பெயர்.

ஆனால், புதிய கல் வராமல் போனதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. பிரசவத்தில் சாகும் பெண்களின் தொகை பெரிதும் குறைந்து விட்டது. நெய்யூரில் 1838-லேயே மிஷன் வைத்திய சேவை தொடங்கியது. பின்னர் அரசு ஆஸ்பத்திரிகள் வந்தன. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2018-20 கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கு 97. இந்த 54-ம் குறைய வேண்டும். கர்ப்பிணிக்குப் பஸ்சில் எழுந்து இடம் கொடுப்பதும், நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துக் கொடுப்பதும் இதில் சேர்ந்ததுதான்.

நீங்கள் செய்யலாம்

காசு வேண்டாம். கல் வேண்டாம்.

வடசேரி பஸ் நிலையத்தில் படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் விழித்துக் கொண்டு நிற்பார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். பஸ்சின் பலகையை அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். கற்ற எழுத்துக்கு அதைவிட நல்ல பயன் ஏது?

கூடையோடு ஒரு பாட்டி படியில் ஏறத் தவிப்பார். கூடையை வாங்கி உள்ளே வையுங்கள். கோடையில் வீட்டு வாசலில் ஒரு பானை தண்ணீரும் ஒரு டம்ளரும் வையுங்கள். தபால்காரரும், சிலிண்டர் தூக்கி வருகிறவரும், துப்புரவுத் தொழிலாளியும் அதே டம்ளரில் குடிக்கட்டும்.

உங்கள் பிள்ளைகள் பார்த்துக் கொண்டிருப்பார்கள். நாளை அவர்களும் கை நீட்டுவார்கள்.