பேனா பிடித்தவரிடம் கேளுங்கள்!



செஞ்சிச் சீமையிலே பனமலை என்றோர் ஊர். ஊருக்கு ஓர் ஏரி. ஏரியோரம் ஒரு குன்று. குன்றின்மேல் ஒரு கற்றளி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசசிம்மன் என்ற பட்டப் பெயர் பூண்ட இரண்டாம் நரசிம்மவர்மன் எழுப்பியது. அதன் சிறு அறையொன்றின் சுவரிலே ஓர் ஓவியம் எஞ்சியிருக்கிறது. தலைக்குமேல் குடை, தலையில் மணிமுடி, ஒரு காலை மடித்து ஊன்றி, ஒயிலாய் நின்று, ஆடல் பார்க்கும் ஒரு பெண். ஆடியவர் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்த்தவள் நிற்கிறாள்!

பக்தி பேச வரவில்லை நான். கேள்வி கேட்க வந்திருக்கிறேன். கட்டிய மன்னன் பெயர் தெரிகிறது. அவன் புகழைக் கூறும் வடமொழிக் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. அந்தப் பெண்ணின் கண்ணிலே உயிரை வைத்தானே, அந்த ஓவியன் பெயர் என்ன? அவனுக்குக் கூலி கொடுத்தார்களா? நெல்லாகக் கொடுத்தார்களா, காசாகக் கொடுத்தார்களா? அவன் வீட்டிலே அன்றைக்கு அடுப்பு எரிந்ததா? கல்லும் சொல்லவில்லை, காவலனும் சொல்லவில்லை.

பனமலையைவிட்டுச் செஞ்சிக்கு வாருங்கள். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்கின் கதை இந்த வட்டாரத்தின் வாய்தோறும் வாழ்கிறது. குதிரையின் பெயர்கூட நம் பாட்டிமாருக்குத் தெரியும். பாட்டுக் கட்டியவன் பெயர் மட்டும் கதையோடு வரவில்லை. 2025-இல் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலே சேர்த்தார்கள், மகிழ்ச்சி. கோட்டைக்குப் பட்டியல் உண்டு. பாட்டுக் கட்டியவனுக்கு?

நூல் செய்வோரிடம் நாம் என்ன பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தப் பீடிகை. அண்மை ஆண்டுகளில் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. எழுத்தாளர்கள் மேடைக்கு வருகிறார்கள். ஒலிபெருக்கி நம் பக்கம் நீட்டப்படுகிறது. நாம் என்ன கேட்கிறோம்? “உங்களுக்குப் பிடித்த நூல் எது? எழுதத் தூண்டியது எது?” அவ்வளவுதான். கொல்லுப் பட்டறைக்குப் போய், “உமக்குப் பிடித்த சுத்தியல் எது?” என்றா கேட்போம்? என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன கூலி, முதலாளி யார், கைக்கு மிஞ்சுவது என்ன என்று கேட்கமாட்டோமா? பாட்டாளியிடம் பாட்டாளி கேட்கும் கேள்வி அதுவன்றோ!

இதே மண்ணில் வளர்ந்த ஒரு சிறுவனைச் சொல்கிறேன். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரிலே பிறந்தான். தகப்பனார் தாசில்தார் வேலையிலே ஊர் ஊராக மாற்றலாகிப் போனதால், செஞ்சியிலும் திண்டிவனத்திலும் கள்ளக்குறிச்சியிலும் பையனின் ஆரம்பப் படிப்பு. விருத்தாசலம் என்று பெயர். பின்னாளில் புதுமைப்பித்தன் என்று நாடறிந்த பெயர். 1918-இல் குடும்பம் திருநெல்வேலிக்குப் போயிற்று. எழுத்திலே தாமிரபரணித் தமிழ் ஏறிற்று. ஆயினும் அவர் எழுத்துக் கூட்டிப் படித்த ஊர்களில் ஒன்று செஞ்சி என்பதை இந்த வட்டாரத் தோழர்களில் எத்தனை பேர் அறிவோம்?

தாசில்தார் மகன், பட்டதாரி. உத்தியோகம் பார்த்துச் சுகமாக இருந்திருக்கலாம். பேனாவைப் பிடித்தார். காரைக்குடியிலே ‘ஊழியன்’, சென்னையிலே ‘மணிக்கொடி’, பிறகு ‘தினமணி’, அதைவிட்டு ‘தினசரி’. பகலெல்லாம் பத்திரிகைக் கூலி. மிஞ்சிய நேரத்திலே கதை. மனைவி கமலா பல நாள் திருவனந்தபுரத்திலே, கணவர் சென்னையிலே. அவர் கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலாகவே வந்திருக்கின்றன. இலக்கியம் எப்படிப் பிறக்கிறது என்று ஆராய விரும்பும் பேராசிரியர்கள் தத்துவ நூல்களைப் புரட்டட்டும். நீங்கள் அந்தக் கடிதங்களைப் படியுங்கள். பணம் அனுப்ப முடியாத கணவன், அனுப்புவேன் என்று சொல்லிச் சொல்லிக் கூனிக் குறுகுவதைக் காண்பீர்கள். சம்பள நாளுக்கு முன்பே சட்டைப் பை காலியாகும் நமக்கு அந்தக் கடிதங்களுக்கு உரையாசிரியர் தேவையில்லை.

ஊரைத் திருத்துவதற்காக நான் எழுதவில்லை என்று, ‘காஞ்சனை’ தொகுதியின் முன்னுரையிலே கையை விரித்தவர் அவர். நம் கொள்கை அதுவல்ல. எழுத்து மக்களுக்காக என்பது நம் கட்சி. ஆனால் அவர் சொன்னதை மட்டும் பார்த்துவிட்டு, செய்ததைப் பார்க்காமல் போனால் நமக்குத்தான் நட்டம். ‘பொன்னகரம்’ எழுதியது யார்? மில் கூலிக்காரி, அடிபட்டுக் கிடக்கும் வண்டிக்காரக் கணவனுக்குக் கஞ்சி காய்ச்ச முக்கால் ரூபாய்க்குத் தன்னையே விற்க நேர்ந்த கதை அது. கற்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் கனதனவான்களின் கன்னத்திலே அறையும் கதை. ‘துன்பக்கேணி’ எழுதியது யார்? பிழைக்கப் போன தமிழ்ப் பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே சீரழிக்கப்பட்டதைச் சொல்லும் கதை. திருத்த வரவில்லை என்றவர், திருத்தம் பேசும் நம்மில் பலர் எழுதாததை எழுதிவைத்துப் போனார். உயிரோடு இருந்திருந்தால் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “ஐயா, திருத்தும் நோக்கம் இல்லை என்கிறீர், பிறகு ஏன் அம்மாளுவின் வீட்டுக்கு எங்களை அழைத்துப் போனீர்?” கேலியாக ஏதேனும் சொல்லித் தப்பியிருப்பார், சந்தேகமில்லை! விடக்கூடாது, மறுபடியும் கேட்க வேண்டும்.

கேட்க அவர் இல்லை. வறுமை அவரைத் திரைப்படத்துக்கு விரட்டியது. பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் புனா போனார். காசநோயோடு திரும்பினார். 1948-இல், 42 வயதிலே, திருவனந்தபுரத்திலே கண் மூடினார். அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது 2002-இல். இடையிலே 54 ஆண்டுகள்!

இன்னொருவர். இவரும் தென்னார்க்காட்டுப் பிள்ளைதான். கடலூரிலே 1934-இல் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு விழுப்புரத்துக்கு, மாமா வீட்டுக்கு ஓடிவந்தார். மாமா பொதுவுடைமைக்காரர், பாரதியையும் பொதுவுடைமையையும் பையனுக்குச் சேர்த்தே ஊட்டினார். 1946-இல் சென்னை. கம்யூனிஸ்டுக் கட்சி அலுவலகமே வீடு, தோழர்களே ஆசிரியர்கள், ‘ஜனசக்தி’ அச்சகத்திலே எழுத்துக் கோக்கும் வேலை. 1949-இல் கட்சிக்கு நெருக்கடி வந்தபோது தஞ்சாவூரிலே செருப்புக் கடையில் வேலை. யார் என்று கண்டுகொண்டிருப்பீர்கள். ஜெயகாந்தன்!

நம் இயக்கத்தை மேடைதோறும் கடிந்தவர். அண்ணா மறைந்தபோதுகூட மென்மையாகப் பேச மனம் இல்லாதவர். அந்தக் காலத்துத் தோழர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே கண் சிவக்கும். சிவந்ததிலே நியாயமும் உண்டு. தமது அரசியலை அவரே ‘ஓர் இலக்கியவாதியின் அரசியல் அனுபவங்கள்’ என்று எழுதிவைத்திருக்கிறார். படித்துவிட்டுச் சண்டை போடுங்கள், படிக்காமல் போடாதீர்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்த விரல் அது. பிறர் எழுதியதைத் தலைகீழாகப் படித்துப் படித்துத் தமிழ் கற்ற கண் அது. காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரத்தோடு மல்லாடும் தொழிலாளியைப் பற்றி அவர் எழுதிய ‘டிரெடில்’ கதையைப் படித்தால், எந்தக் கல்லூரியிலே அதைக் கற்றார் என்று கேட்கத் தோன்றாது. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது. 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம். ஐந்தாம் வகுப்பு!

சென்னை கலைஞர் கருணாநிதி நகரிலே அவர் வீட்டு மாடியில் நடந்த சபையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். படித்தவரும் படிக்காதவரும், பதவியில் இருப்பவரும் கைவேலை செய்பவரும் ஒரே தரையிலே உட்கார்ந்து பேசிய சபை. எழுத்தாளரோடு பேசுவதற்குப் பட்டம் வேண்டியதில்லை, அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? ஒன்று மட்டும் சொல்வேன்: அந்தச் சபையில் அவர் பேசினார், மற்றவர் கேட்டனர் என்பதே பெரும்பாலோர் தரும் சித்திரம். நாம் நடத்தும் சபை அப்படி இருக்க வேண்டாம்.

நமக்கும் ஒரு சபை இருந்தது, மறந்துவிட்டோம்! முடிதிருத்தும் நிலையத்திலே, சைக்கிள் கடையிலே, டீக்கடைப் பலகையிலே ஒருவர் ஏட்டை விரித்து உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். எழுத்தறியாத தோழன், “நிறுத்து, அதை மறுபடியும் படி” என்பான். அந்த ‘மறுபடியும் படி’யிலேதான் இந்த இயக்கம் வளர்ந்தது. படிப்பகம் என்று பெயர் வைத்தோம். இன்று பல ஊர்களிலே பெயர்ப்பலகை இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கிளைச் செயலாளர்தான் சொல்ல வேண்டும்.

பேனா பிடித்தவனுக்குப் பசிக்கும் என்பதை நாம் அறியாதவர்களும் அல்லர். புதுவைக் கவிஞர் பாரதிதாசன் பள்ளி ஆசிரியராக உழைத்தவர். 1946-இல் அண்ணா முன்னின்று நிதி திரட்டி, புரட்சிக் கவி என்று பாராட்டி, 25,000 ரூபாய் வழங்கச் செய்தார். அன்றைய 25,000! அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன், 1920-இல், அவருடைய ஆசான் பாரதி என்ன பாடுபட்டார்? தம் கையெழுத்துப் படிகளை 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட வேண்டும், மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் விற்க வேண்டும் என்று திட்டம் போட்டு, கடன் கேட்டு அறிக்கை விட்டார். தமிழ்நாடு தரவில்லை. மறு ஆண்டே மறைந்தார். தீப்பெட்டி விற்றது!

பாரதியின் எழுத்துக்கு விடிவு வந்தது 1949-இல். அரசே உரிமையை எடுத்துக்கொண்டது; 1955-இல் மக்களுக்கே பொதுவாயிற்று. தமிழ் எழுத்தாளர் நூல்கள் நாட்டுடைமை ஆகும் வழி அங்கேதான் திறந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்டோர் நூல்களை யாரும் அச்சிடலாம். 1949 தொடக்கத்திலே முதலமைச்சர் யார்? திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த இராமசாமி ரெட்டியார்! காங்கிரசுக்காரர்தான். அவருடைய ஆட்சி திணித்த இந்தியை எதிர்த்து 1948-இல் நம் மூத்தோர் போராடினார்கள், சிறைக்கும் போனார்கள். அதை மறக்கவும் மாட்டோம், மறைக்கவும் மாட்டோம். ஆனால் அதே 1948-இல் அதே ஆட்சி சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவிலே அப்படியொரு சட்டம் அதுவே முதல். எதிரி செய்தாலும் நன்மை நன்மைதான்.

அந்தச் சட்டத்தால் உங்களுக்கு என்ன? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஓர் இனம் இருக்கும். நீங்கள் கட்டும் காசு! வாடகை வீட்டுக்காரரே, நீங்களும் கட்டுகிறீர்கள், வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. ஊர் நூலகத்திலே இருக்கும் ஒவ்வொரு நூலிலும் உங்கள் பங்கு உண்டு. இந்த நாட்டிலே பல தமிழ் நூல்கள் அச்சேறுவதும் ஏறாமல் போவதும் நூலகங்கள் வாங்கும் படிகளைப் பொறுத்தே இருக்கிறது. அப்படியானால் எழுத்தாளருக்குப் படியளப்பவர்களில் நீங்களும் ஒருவர். படியளப்பவர் வேலையைப் பற்றி விசாரிப்பதிலே என்ன கூச்சம்?

ஆகவே, உங்கள் ஊருக்கு ஓர் எழுத்தாளர் வந்தால் கேளுங்கள். எத்தனை படி அச்சிட்டார்கள்? எத்தனை விற்றது? பதிப்பாளர் கணக்குக் காட்டுகிறாரா? உரிமைத் தொகை எந்த மாதம் வந்தது, வந்ததா? எழுதுவது விடியலிலா, வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகா? நீங்கள் எழுதும்போது வீட்டிலே சமைப்பது யார்? (இந்தக் கேள்விக்கு ஆண் எழுத்தாளர்கள் கொஞ்சம் நெளிவார்கள். புதுமைப்பித்தனின் துணைவியார் கமலாவும் சிறுகதை எழுதியவர். எத்தனை பேருக்குத் தெரியும்?) அடித்துத் திருத்திய பக்கம் எத்தனை? எங்களைப் போன்றவர்களைக் கதையிலே எழுதியிருக்கிறீரே, எழுதிய பிறகு அவர்களிடம் படித்துக் காட்டினீரா? காட்டியபோது என்ன சொன்னார்கள்?

இவற்றைக் கேட்டால் எழுத்தாளர் கோபிப்பார் என்று அஞ்சாதீர்கள். கைதட்டலை மட்டுமே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் எழுத்தாளர், அடுத்த பேருந்திலேயே உங்களை மறந்துவிடுவார். கேள்வி கேட்டவனை மறக்கமாட்டார்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தாருங்கள் என்று ஸ்டாலின் 2017-இலேயே கேட்டுக்கொண்டார். இன்னும் சில ஊர்களிலே துண்டு குவிகிறது. எழுத்தாளர் வரும் கூட்டத்திலாவது அதை நிறுத்துங்கள். வந்துபோகும் செலவைக் கையிலே முன்கூட்டியே கொடுங்கள். ‘பிறகு அனுப்புகிறோம்’ வேண்டாம். மேடையருகே ஒரு மேசை போட்டு அவர் நூலில் 20 படி அடுக்கி வையுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் முதல் மூன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், இனாமாக அல்ல. ஒரு படியைப் படிப்பகத்தில் வையுங்கள். அதற்கு முதலிலே பூட்டைத் திறக்க வேண்டும். துருப்பிடித்திருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள்.