நீட்சிப் பயிற்சியால் மூட்டுகள் நெகிழுமா?: மாணவர்களின் சிறிய ஆய்வுகள் நடைபெறுவது எப்படி?

புதுதில்லி: முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரல்களைத் தொட இயலாத ஒருவர், சில வாரங்கள் நீட்சிப் பயிற்சி செய்தால் தொட்டுவிட முடியுமா? எளிமையாகத் தோன்றும் இக்கேள்வியை, பிசியோதெரபி மற்றும் உடற்கல்வி பயிலும் மாணவர்கள் பலர் தங்கள் ஆய்வுத் திட்டத்துக்குத் தேர்வு செய்கின்றனர். விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை, சக மாணவர்களே பங்கேற்பாளர்கள் என்பது இதற்குக் காரணம். ஆனால், இதே வசதிகள்தான் ஆய்வைத் தவறான முடிவுக்கும் இட்டுச் செல்லக்கூடும். இதுகுறித்த விளக்கம் வருமாறு:

அளப்பது எவ்வாறு?

பள்ளிகளில் பரவலாக அறியப்பட்டது, கால்களை நீட்டி அமர்ந்து கைகளை முன்னோக்கி நகர்த்தும் சோதனை. கேலோ இந்தியா திட்டத்தின் பள்ளி உடற்தகுதி மதிப்பீட்டிலும் இது இடம்பெற்றுள்ளது. எனினும் இதில் முதுகின் வளைவு, கை, கால்களின் நீளம் ஆகியவையும் சேர்ந்தே அளவாகின்றன. நீண்ட கால்கள் கொண்ட மாணவர் இறுக்கமான உடல் கொண்டவர் எனத் தவறாகக் கருதப்பட வாய்ப்புண்டு.

எனவே, தொடையின் பின்பகுதித் தசைகளை மட்டும் ஆராய விரும்புவோர், 'கோனியோமீட்டர்' எனப்படும் கோணமானியைப் பயன்படுத்துகின்றனர். மல்லாந்து படுத்தவரின் தொடையைச் செங்குத்தாக நிறுத்தி, முழங்கால் எவ்வளவு நீள்கிறது என்பதை டிகிரியில் அளக்கின்றனர். இதிலும் அளப்பவரைப் பொறுத்துச் சில டிகிரி வேறுபாடு ஏற்படலாம். ஆகவே, தொடக்கத்திலும் முடிவிலும் ஒருவரே அளப்பது அவசியம்.

இரண்டு குழுக்கள் ஏன்?

பயிற்சிக்கு முன்பும் பின்பும் அளந்தால் போதும் என்று தோன்றலாம். ஆனால், சோதனையை இரண்டாம் முறை செய்பவர் பழக்கத்தாலேயே சற்று முன்னேறுவார். உடல் சூடேறிய மாலை வேளையில் தசைகள் எளிதில் இசையும். உதாரணமாக, பயிற்சி பெற்ற குழுவில் 9 டிகிரி, பெறாத குழுவில் 3 டிகிரி முன்னேற்றம் பதிவானால், பயிற்சியின் பலன் 6 டிகிரி மட்டுமே.

யார் எந்தக் குழு என்பதை ஆய்வாளர் தேர்வு செய்யாமல் குலுக்கல் மூலம் முடிவு செய்ய வேண்டும். இல்லையெனில் ஆர்வம் மிக்கவர்கள் அனைவரும் பயிற்சிக் குழுவில் சேர்ந்துவிடுவர். அளப்பவருக்கும் அந்த விவரம் தெரியக்கூடாது.

எத்தனை விநாடிகள் போதும்?

அமெரிக்க ஆய்வாளர்கள் பாண்டி, ஐரியன் ஆகியோர் 1994-ல் வெளியிட்ட ஆய்வில் 57 பேர் பங்கேற்றனர். தொடையின் பின்தசையை வாரத்துக்கு 5 நாள்கள் வீதம் 6 வாரங்கள் நீட்டியதில், 15 விநாடிகளைவிட 30 விநாடிகள் கூடுதல் பலன் அளித்தது. 60 விநாடிகளாக உயர்த்தியபோது அதற்கு மேல் பலன் கிடைக்கவில்லை.

எனினும், தசை உண்மையில் நீளமாகிறதா என்பது விவாதத்துக்குரியது. சில வாரப் பயிற்சியில் கிடைக்கும் முன்னேற்றத்தின் பெரும்பகுதிக்கு, நீட்சியின் உணர்வை உடல் பொறுத்துக்கொள்ளப் பழகுவதே காரணம் என 2010-ல் வெப்ளர், மேக்னுசன் ஆகியோர் வாதிட்டனர்.

மறுக்கும் உரிமை

பேராசிரியர் முன்னிலையில் கேட்கப்படும்போது, 'நான் வரவில்லை' என்று கூற எத்தனை மாணவர்களால் முடியும்? இதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017-ம் ஆண்டு நெறிமுறைகள், அதிகாரப் படிநிலைக்குக் கீழ் உள்ள மாணவர்களையும் சிறப்புப் பாதுகாப்பு தேவைப்படுவோராகக் கருதுகின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதியும், விளக்கி அறிவித்த பின் பெறப்படும் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் மதிப்பெண் குறையாது என்பது தெளிவாகக் கூறப்பட வேண்டும். பங்கேற்போர் 18 வயதுக்குட்பட்டவர்களாக இருந்தால் பெற்றோரின் ஒப்புதலும் அவசியம். அண்மையில் தசை அல்லது மூட்டுக் காயம் அடைந்தவர்களைச் சேர்க்காமல் இருப்பதே பாதுகாப்பானது.

விலகியவர்களும் கணக்கில் உண்டு

குழுவுக்கு 15 பேர் கொண்ட ஆய்வில் நான்கு பேர் பாதியில் விலகினால், முடிவே மாறக்கூடும். வலி தாங்காமல் விலகியவர்களை விட்டுவிட்டு, எஞ்சியவர்களை மட்டும் கணக்கிட்டால் பயிற்சி மிகவும் சிறந்ததாகத் தோன்றும். அந்த அறிக்கையை நம்பி நோயாளிகளுக்குப் பயிற்சி அளிக்கும்போது, பாதிப்பு அவர்களையே சேரும்.

எனவே, எதை அளப்போம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, விலகியவர்களின் எண்ணிக்கையையும் காரணத்தையும் வெளியிடுவது நேர்மையான ஆய்வின் அடையாளம். இதற்கென 2007 முதல் செயல்படும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் (சிடிஆர்ஐ) ஆய்வுகளைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். 'வேறுபாடு காணப்படவில்லை' என்பதும் ஒரு முடிவே. ஆனால் சிறிய ஆய்வில் வேறுபாடு தென்படாததை மட்டும் வைத்து, பயிற்சியால் பலனே இல்லை என்று உறுதியாகக் கூறிவிட முடியாது என்பது குறிப்பிடத்தக்கது.